வரைகலைக் கருவியில் எஸ்கியூஎல் கட்டளைகளை இயக்குதல்: இணைப்பு முதல் கமிட் வரை

தரவுத்தளத்தை நிர்வகிக்கும் வரைகலைக் கருவி எதுவாக இருந்தாலும், அது செய்வது ஒரே வேலைதான். நாம் தட்டச்சு செய்த கட்டளையை, அல்லது நாம் அழுத்திய பொத்தானுக்கு ஏற்பத் தானே எழுதிக்கொண்ட கட்டளையை, தரவைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. வந்த பதிலைக் கட்டங்களாக வரைந்து காட்டுகிறது. தரவு கருவிக்குள் இல்லை. இதை அறியாதவர் இல்லை என்றாலும், திரையில் தெரியும் அட்டவணை விரிதாளைப் போலவே தோற்றமளிப்பதால், வேலை மும்முரத்தில் இது மறந்துவிடுகிறது. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை எஸ்கியூஎல் (தரவுத்தளத்துக்கான கட்டளை மொழி) தெரியாதவர்கள் செய்தவை அல்ல. எந்தக் கட்டளை, எந்த சர்வருக்குப் போனது, அது நிலைபெற்றதா இல்லையா என்ற மூன்றில் ஒன்றைக் கவனிக்கத் தவறியதால் நேர்ந்தவை அவை. இந்த வழிகாட்டி அந்த மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டே செல்கிறது.

விளக்கத்துக்கு டிபீவர் என்ற கருவியின் இலவசப் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஜாவாவில் எழுதப்பட்டு, ஜேடிபிசி டிரைவர்கள் (ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் சிறு நிரல்கள்) வழியாக இணைவதால், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூலைட் எனப் பல தரவுத்தளங்களுக்கும் இது ஒன்றே போதும். போஸ்ட்கிரெஸுக்கென்றே உள்ள பிஜிஅட்மின், மைஎஸ்கியூஎல்லுக்கென்றே உள்ள வொர்க்பெஞ்ச் ஆகியவை முக்கியமாக வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு ஒரு நூலகத்தின் தரவுத்தளத்தை வைத்துக்கொள்வோம்: நூல்கள், உறுப்பினர்கள், இரவல்கள் என மூன்று அட்டவணைகள். செலெக்ட், அப்டேட் போன்ற கட்டளைச் சொற்களை இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்; எடிட்டரில் இடும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும். அட்டவணைப் பெயர்களின் நிலை வேறு. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் தமிழ்ப் பெயர்களை மேற்கோள் குறியின்றியே ஏற்றுக்கொள்கின்றன. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் தரவுத்தளத்தில் அது வசதியாக இருக்குமா என்பது தனிக் கேள்வி.

முதல் படி: இணைப்பை உருவாக்குதல்

புதிய தரவுத்தள இணைப்பு என்ற தேர்வைத் திறந்து, தரவுத்தளத்தின் வகையைத் தேர்ந்தெடுத்தால், சர்வரின் முகவரி, போர்ட் எண் (சர்வர் செவிசாய்க்கும் வாயிலின் எண்), தரவுத்தளத்தின் பெயர், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவை கேட்கப்படும். போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. டிரைவர் கணினியில் இல்லையென்றால், கருவியே பதிவிறக்கிக்கொள்ள அனுமதி கேட்கும். எல்லாவற்றையும் நிரப்பிய பின், முடிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பாகவே இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிழை வந்தால் அதன் வாசகத்தை வாசியுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் அந்த முகவரியிலும் போர்ட்டிலும் சர்வர் செவிசாய்க்கவில்லை என்று பொருள். நேரம் கடந்தது என்றால் பெரும்பாலும் இடையில் ஒரு தீச்சுவர் தடுக்கிறது. கடவுச்சொல் பிழை என்றால் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து நேரடியாக எட்ட முடியாத சர்வர் என்றால், இணைப்பு அமைப்பிலேயே எஸ்எஸ்ஹெச் சுரங்கத்துக்கான (மறையாக்கம் செய்த இடைவழிக்கான) பகுதி இருக்கிறது. தரவுத்தளத்தின் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதைக் காட்டிலும் அதுவே சரியான வழி.

இதே அமைப்பில் பலரும் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு பகுதி, இணைப்பின் வகை. மேம்பாடு, சோதனை, உற்பத்தி என மூன்று வகைகள் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். உண்மையான பயனர்கள் பயன்படுத்தும் தரவுத்தளத்தைத் தவறாமல் உற்பத்தி வகையில் சேருங்கள். அவ்வாறு சேர்த்தால் அந்த இணைப்பின் எடிட்டர்கள் தனி நிறச் சாயலுடன் திறக்கும். தானியங்கி கமிட், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நிலைபெறச் செய்யும் முறை, நிறுத்தப்பட்டிருக்கும். கட்டளைகளை இயக்கும்போது கருவி ஒருமுறை உறுதி கேட்கும். சோதனை சர்வரின் எடிட்டரும் உண்மையான சர்வரின் எடிட்டரும் அருகருகே திறந்திருக்கும் ஒரு மாலை நேரத்தில், தாவலின் பெயரைப் படித்துப் பார்த்துத்தான் வேறுபாடு தெரிய வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

நிறத்தைவிட உறுதியான பாதுகாப்பும் உண்டு. அறிக்கைகளுக்காகவும் ஆய்வுக்காகவும் மட்டும் உண்மையான தரவைப் பார்ப்பவர்களுக்கு, தனிப் பயனர் ஒருவரை சர்வரிலேயே உருவாக்கி, படிக்க மட்டுமே உரிமை தரலாம். போஸ்ட்கிரெஸில் அந்த உரிமையைத் தருவது இப்படி:

கிராண்ட் செலெக்ட் ஆன் நூல்கள், உறுப்பினர்கள், இரவல்கள் டூ அறிக்கை_பயனர்;

கருவியிலும் இணைப்பைப் படிக்க மட்டும் என்று குறிக்க ஒரு தேர்வு உள்ளது. ஆனால் அது அந்தக் கருவியின் அளவில் நிற்கும் தடை. சர்வரில் தரப்படும் உரிமையோ எந்தக் கருவியிலிருந்து வந்தாலும் பொருந்தும். இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இரண்டாம் படி: எடிட்டரைத் திறந்து, இருக்கும் இடத்தை உறுதிசெய்தல்

இணைப்பின் மேல் வலது சொடுக்கி எஸ்கியூஎல் எடிட்டரைத் திறந்தால், மேற்பட்டையில் அந்த எடிட்டர் எந்த இணைப்போடும் எந்த ஸ்கீமாவோடும் (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பெயர்ப் பகுதி) கட்டப்பட்டிருக்கிறது என்பது காட்டப்படும். அதை மாற்றவும் முடியும். வசதியும் ஆபத்தும் ஒருசேர அங்கேதான் இருக்கின்றன: எழுதிய கட்டளை அப்படியே இருக்க, அது போய்ச் சேரும் சர்வர் மட்டும் மாறிவிடலாம். எனவே, எதையும் மாற்றும் வேலையைத் தொடங்குமுன் சர்வரிடமே கேட்டுவிடுவது என் வழக்கம்:

செலெக்ட் கரண்ட்_டேட்டாபேஸ்(), கரண்ட்_யூசர், வெர்ஷன்();

இது போஸ்ட்கிரெஸில். மைஎஸ்கியூஎல்லில் டேட்டாபேஸ்(), யூசர்() என்ற செயற்கூறுகள் அதே பதிலைத் தரும். மேற்பட்டை சொல்வது கருவியின் நினைவு. இந்த வினவல் சொல்வது சர்வரின் வாக்குமூலம். போஸ்ட்கிரெஸில் ஒரே பெயரில் இரண்டு ஸ்கீமாக்களில் அட்டவணைகள் இருந்தால், எது எடுக்கப்படும் என்பதைத் தேடல் பாதை என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. ஐயமிருந்தால் ஸ்கீமாவின் பெயரையும் புள்ளியிட்டுச் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரே இணைப்பில் இரண்டு எடிட்டர்களைத் திறந்தால், அவை ஒரே அமர்வை (சர்வருடனான ஒரு தொடர்பை) பகிர்கின்றனவா, தனித்தனி அமர்வுகளா என்பதும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. பகிர்ந்தால், ஓர் எடிட்டரில் தொடங்கிய பரிவர்த்தனைக்குள் (ஒன்றாகவே நிலைபெறும் அல்லது ஒன்றாகவே பின்வாங்கும் கட்டளைத் தொகுப்பு) மற்றொன்றின் கட்டளையும் போய் விழும். தனித்தனி என்றால், ஒன்றில் உருவாக்கிய தற்காலிக அட்டவணை மற்றதற்குத் தெரியாது. எடிட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு என்று அமைத்துக்கொள்வது குழப்பத்தைக் குறைக்கும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு கட்டளையை இயக்குதல்

எளிய வினவல் ஒன்றில் தொடங்குவோம்:

செலெக்ட் நூல்_எண், உறுப்பினர்_எண், எடுத்த_நேரம்
ஃப்ரம் இரவல்கள்
வேர் திரும்பிய_நாள் ஈஸ் நல்
ஆர்டர் பை எடுத்த_நேரம்;

கர்சரை இந்தக் கட்டளைக்குள் எங்கேனும் வைத்து, கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், டிபீவர் இந்த ஒரு கட்டளையை மட்டும் அனுப்பும். மேக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். திரும்பாத நூல்களைத் தேட இங்கே சமக்குறி இடாமல் ஈஸ் நல் என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் நல் எதற்கும் சமமில்லை, தனக்கே கூடச் சமமில்லை என்பதால், சமக்குறி இட்டிருந்தால் ஒரு வரிசையும் வராது, பிழையும் வராது.

இப்போது முக்கியமான கேள்வி: ஒரு கட்டளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கருவி எப்படி அறிகிறது? அரைப்புள்ளி ஓர் எல்லை. தேர்ந்தெடுத்து வைத்த பகுதி இருந்தால், அந்தப் பகுதி மட்டுமே அனுப்பப்படும். மூன்றாவதாக, டிபீவரில் வெற்று வரியையும் எல்லையாகக் கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. இந்த மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. பின்வருமாறு யாரேனும் கண்ணுக்கு இதமாக இடைவெளி விட்டு எழுதினால்:

டெலிட் ஃப்ரம் இரவல்கள்

வேர் எடுத்த_நேரம் < '2015-01-01';

வெற்று வரி எல்லையாக அமைக்கப்பட்டிருக்கும் நிலையில், முதல் வரியில் கர்சரை வைத்து இயக்கினால் போவது முதல் வரி மட்டும். அதாவது அட்டவணை முழுவதையும் அழிக்கும் கட்டளை. நிபந்தனையில்லாத டெலிட்டையும் அப்டேட்டையும் கண்டால் டிபீவர் எச்சரிக்கைப் பெட்டி ஒன்றைக் காட்டும் என்பது உண்மை; ஆனால் பழக்கத்தில் அதை வாசிக்காமலே சம்மதிக்கும் விரல்களும் உண்டு. வெற்று வரி எல்லையாக வேண்டாம் என்று அமைப்புகளில் எஸ்கியூஎல் செயலாக்கப் பகுதியில் மாற்றிவிடுங்கள். சூழலறிந்து பிரிக்கும் தேர்வு புதிய பதிப்புகளில் இருந்தாலும், ஒவ்வொரு கட்டளையையும் அரைப்புள்ளியால் முடிக்கும் வழக்கம் உள்ளவருக்கு அதுவும் தேவைப்படாது.

பகுதியைத் தேர்ந்தெடுத்து இயக்குவதிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி வரி விடுபட்டால், கருவிக்கு அது தெரியாது. நானே ஒருமுறை அப்டேட் கட்டளையின் கடைசி வரியை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்து இயக்கி, ஒன்றுக்குப் பதில் பல்லாயிரம் வரிசைகளை மாற்றியிருக்கிறேன். கமிட் செய்யாமல் இருந்ததால் தப்பினேன்.

பிஜிஅட்மினில் எஃப்5 விசை எடிட்டரில் உள்ள அனைத்தையும், தேர்ந்தெடுத்த பகுதி இருந்தால் அதை மட்டும், அனுப்புகிறது. கர்சர் நிற்கும் கட்டளையை மட்டும் இயக்கும் வசதி அதன் புதிய பதிப்புகளில் ஆல்ட்+எஃப்5 என வந்திருக்கிறது. வொர்க்பெஞ்சில் கன்ட்ரோல்+என்டர் ஒரு கட்டளையையும், ஷிஃப்டையும் சேர்த்தால் அனைத்தையும் இயக்கும். ஒரு கருவியில் பழகிய விரல் மற்றொரு கருவியில் அதே விசையை அழுத்தும் என்பதால், கருவி மாறும் நாளில் இதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விடையைச் சரியாகப் படித்தல்

கட்டத்தில் தெரிவது முழு விடை என்று கொள்ளக் கூடாது. டிபீவர் இயல்பாக முதல் 200 வரிசைகளை மட்டுமே கொண்டுவரும். கீழே உருட்டினால் அடுத்த தொகுதி வரும். வொர்க்பெஞ்ச் இயல்பாக 1000 வரிசை என்ற எல்லையைத் தானே சேர்த்து அனுப்புகிறது. 200 வரிசைகளைப் பார்த்து, திரும்பாத நூல்கள் 200 என்று அறிக்கை எழுதியவர்கள் உண்டு. எண்ணிக்கை வேண்டுமென்றால் செலெக்ட் கவுண்ட்(*) என்று சர்வரிடமே கேளுங்கள், அல்லது கட்டத்தின் அடியில் மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடும் பொத்தானை அழுத்துங்கள். அதுவும் அதே கேள்வியைத்தான் பின்னணியில் அனுப்புகிறது.

நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அது திரையில் உள்ளவற்றை மட்டும் அடுக்குகிறதா, சர்வரிடம் மீண்டும் கேட்கிறதா என்பது அமைப்பைப் பொறுத்தது. மிகப் பழைய இரவல் எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆர்டர் பை எழுதுவதே வழி.

கட்டம் நமக்காகச் செய்யும் அலங்காரங்களும் உண்டு. எண்களில் ஆயிரம் பிரிக்கும் காற்புள்ளி தெரியலாம்; தரவில் அது இல்லை. போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்துடன் சேமித்த நேரம், பார்ப்பவரின் அமர்வில் அமைந்துள்ள மண்டலத்துக்கு மாற்றிக் காட்டப்படும். ஒரே வரிசையை இருவர் இரு நேரங்களாகக் காண்பதற்கு அதுவே காரணம். மதிப்பில்லாத நல் என்பதையும் வெற்றுச் சரத்தையும் டிபீவர் வேறுபடுத்திக் காட்டுவது நல்ல பண்பு. நல் இருக்கும் கட்டத்தில் அந்தச் சொல் மங்கலாக, அடைப்புக்குள் இருக்கும்.

தமிழ்த் தரவை வைத்திருப்பவர்கள் நீளத்தைக் கணக்கிடும் செயற்கூறுகளைச் சற்று ஐயத்துடன் பார்க்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. போஸ்ட்கிரெஸின் லெங்த் 5 என்று சொல்லும், ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8 குறியேற்றம் கொண்ட தரவுத்தளத்தில், பைட்டுகளை எண்ணும் ஆக்டெட்_லெங்த் 15 என்று சொல்லும். மைஎஸ்கியூஎல்லிலோ லெங்த் என்பதே பைட்டுகளை எண்ணுவதால் 15 வரும். 5 வேண்டுமென்றால் கேர்_லெங்த் என்று எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: தரவை மாற்றுதல்

இதுவரை பார்த்தவற்றில் தவறினால் தவறான விடை கிடைக்கும். இனி தவறினால் தரவு போகும். ஆகவே இங்கே சற்று நின்று செல்வோம்.

டிபீவர் இயல்பாகத் தானியங்கி கமிட் நிலையில் இருக்கும் (உற்பத்தி வகை இணைப்பு விதிவிலக்கு). அந்த நிலையில் ஒவ்வொரு கட்டளையும் முடிந்த கணமே நிலைபெற்றுவிடும். திரும்பப் பெறும் பொத்தான் எதுவும் இல்லை. எடிட்டரில் கன்ட்ரோல்+இசட் அழுத்தினால் எழுத்துதான் பின்வாங்கும், தரவு அல்ல. மேற்பட்டையில் உள்ள தேர்வு வழியாகக் கைமுறை கமிட் நிலைக்கு மாற்றுங்கள். அதன்பின் இந்த வரிசையில் செல்லுங்கள்.

முதலில், மாற்றப்போகும் வரிசைகளை செலெக்ட் மூலம் பாருங்கள்:

செலெக்ட் * ஃப்ரம் இரவல்கள் வேர் நூல்_எண் = 4172 அண்ட் திரும்பிய_நாள் ஈஸ் நல்;

ஒரு வரிசை வந்தது, எதிர்பார்த்ததும் ஒன்றே என்றால், வேர் பகுதியில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் முன்பகுதியை மட்டும் மாற்றுங்கள்:

அப்டேட் இரவல்கள் செட் திரும்பிய_நாள் = கரண்ட்_டேட் வேர் நூல்_எண் = 4172 அண்ட் திரும்பிய_நாள் ஈஸ் நல்;

இயக்கியதும், எத்தனை வரிசைகள் மாறின என்ற எண் வரும். வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஓர் எண்ணைத்தான் கவனிக்க நேரமிருக்கிறது என்றால், இதைக் கவனியுங்கள். ஒன்று என்று எதிர்பார்த்து, ஒன்று என்று வந்தால், கமிட். வேறு எதுவாக இருந்தாலும், காரணம் புரிவதற்கு முன்பே ரோல்பேக், அதாவது மாற்றத்தைப் பின்வாங்கச் செய்தல். யோசிப்பதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம். கமிட் செய்வதற்கு முன் அதே அமர்வில் இன்னொரு செலெக்ட் இயக்கி, மாறிய தோற்றத்தைப் பார்க்கவும் முடியும். மற்றவர்களுக்கு அது இன்னும் தெரியாது.

கருவியின் கைமுறை நிலையைப் பயன்படுத்தாமல், பிகின், கமிட், ரோல்பேக் என்று நீங்களே எழுதுவதும் ஏற்கத்தக்கதே. இரண்டையும் கலக்க வேண்டாம்; பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பதில் கருவியின் கணக்கும் உங்கள் கணக்கும் மாறுபட்டுவிடும்.

கைமுறை நிலைக்கும் ஒரு விலை உண்டு. மாற்றிய வரிசை, கமிட் அல்லது ரோல்பேக் வரும்வரை பூட்டப்பட்டிருக்கும். அப்டேட் இயக்கிவிட்டு உணவுக்கு எழுந்து போனால், அதே வரிசையை மாற்ற முயலும் செயலி அவ்வளவு நேரமும் காத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் இப்படிச் சும்மா கிடக்கும் பரிவர்த்தனைகள், பழைய வரிசைப் பதிப்புகளைத் துப்புரவு செய்யும் வேலையையும் தடுக்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அவ்வாறு கிடக்கும் அமர்வைத் துண்டிக்கும் அமைப்பு போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் இருக்கிறது. எனவே, பரிவர்த்தனையைத் திறந்தவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் அதை முடித்துவிட வேண்டும்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனைக்குள் ஒரு கட்டளை பிழையானால், அதன்பின் வரும் சரியான கட்டளைகளும் மறுக்கப்படும். நடப்புப் பரிவர்த்தனை முறிந்துவிட்டது என்ற செய்தியே திரும்பத் திரும்ப வரும். புதியவர்கள் தங்கள் வினவலில் பிழை தேடிக் களைத்துப்போவார்கள். தேவை ஒரு ரோல்பேக் மட்டுமே. அடுத்தது, அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் பற்றியது. போஸ்ட்கிரெஸில் ஆல்டர் டேபிள், டிராப் டேபிள், ட்ரன்கேட் ஆகியவற்றையும் ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் அப்படியல்ல. அவை இயங்கும்போது தாமும் நிலைபெற்று, அதற்கு முன் கமிட் செய்யாமல் வைத்திருந்த மாற்றங்களையும் சேர்த்தே நிலைபெறச் செய்துவிடும். கைமுறை நிலையில் இருக்கிறோம் என்ற நிம்மதி அங்கே பொய்.

வொர்க்பெஞ்சில், திறவுகோல் நெடுவரிசை (வரிசையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுவது) எதையும் பயன்படுத்தாத நிபந்தனையோடு அப்டேட் அல்லது டெலிட் அனுப்பினால் 1175 என்ற பிழை எண்ணுடன் சர்வர் மறுக்கும். இது பாதுகாப்பு நிலை. வொர்க்பெஞ்ச் அதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. தொந்தரவாக இருக்கிறது என்று நிரந்தரமாக அணைத்துவிடுவதைவிட, திறவுகோலை நிபந்தனையில் சேர்த்து எழுதுவது நல்லது.

கட்டத்திலேயே நேரடியாகத் திருத்துவது குறித்துச் சுருக்கமாக. கட்டத்தில் இருமுறை சொடுக்கி மதிப்பை மாற்றிச் சேமித்தால், கருவி நமக்காக ஓர் அப்டேட் கட்டளையை எழுதி அனுப்புகிறது. எந்த வரிசை என்பதை அடையாளம் காட்ட அதற்கு முதன்மைத் திறவுகோல் (ஒவ்வொரு வரிசைக்கும் தனித்த மதிப்புள்ள நெடுவரிசை) வேண்டும்; இல்லாத அட்டவணை என்றால் எந்த நெடுவரிசைகளை வைத்து அடையாளம் காண்பது என்று டிபீவர் கேட்கும், அப்போது அவசரப்பட்டு எதையாவது தேர்ந்தெடுத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் மாறக்கூடும். சேமிப்பதற்கு முன், உருவாகப்போகும் கட்டளையைக் காட்டும் பொத்தான் கட்டத்தின் அடியில் இருக்கிறது. அதை அழுத்திப் பார்ப்பது எஸ்கியூஎல் கற்பதற்கும் நல்ல வழி.

ஆறாம் படி: பல கட்டளைகளை ஒன்றாக இயக்குதல்

ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் டிபீவர் எடிட்டரில் உள்ள அனைத்தையும் ஒரு ஸ்கிரிப்டாக, ஒவ்வொன்றாக அனுப்பும். நடுவில் ஒன்று பிழையானால் நிறுத்துவதா, தாண்டிச் செல்வதா என்று கேட்கும். தானியங்கி கமிட் நிலையில் பத்துக் கட்டளைகளில் ஏழாவது தவறினால், முதல் ஆறும் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கும். மீண்டும் முதலிலிருந்து இயக்கினால் அந்த ஆறும் இரண்டாம் முறை நடக்கும். ஆகவே ஒன்றோடொன்று தொடர்புள்ள கட்டளைகளை ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். பிஜிஅட்மினின் எஃப்5 இதில் மாறுபடுகிறது: முழு உரையையும் ஒரே செய்தியாக அனுப்புவதால், நாம் பிகின் எழுதாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் அதை ஒரே பரிவர்த்தனையாகக் கருதுகிறது, ஒன்று தவறினால் அனைத்தும் பின்வாங்கும்.

செயற்கூறுகளையும் ஸ்டோர்டு புரொசீஜர்களையும் (சர்வரிலேயே சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்புகள்) உருவாக்கும்போது, அவற்றின் உடலுக்குள்ளேயே அரைப்புள்ளிகள் இருப்பதால், கருவி அவற்றை நடுவில் வெட்டிவிடாமல் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் உடலை இரட்டை டாலர் குறிகளுக்குள் வைப்பதே போதுமானது. மைஎஸ்கியூஎல்லில் டிலிமிட்டர் என்ற சொல்லால் எல்லைக்குறியைத் தற்காலிகமாக மாற்றுவார்கள். அந்தச் சொல் சர்வருக்கான கட்டளை அல்ல, கருவிக்கான அறிவுறுத்தல். சர்வர் அதைப் பார்ப்பதே இல்லை.

அடிக்கடி இயக்கும் வினவலில் மதிப்பு மட்டும் மாறுமானால், அந்த இடத்தில் முக்காற்புள்ளியுடன் ஒரு பெயரை இடலாம்:

செலெக்ட் * ஃப்ரம் இரவல்கள் வேர் உறுப்பினர்_எண் = :எண்;

இயக்கும்போது கருவி மதிப்பைக் கேட்கும். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. சர மதிப்பு என்றால் மேற்கோள் குறியையும் சேர்த்தே தர வேண்டும்.

ஏழாம் படி: எஸ்கியூஎல் அல்லாத கட்டளைகள்

இணையத்தில் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் குறிப்புகளில், பின்சாய்கோட்டுடன் தொடங்கும் சிறு கட்டளைகளைக் காணலாம். அட்டவணையின் அமைப்பைக் காட்டும் பின்சாய்கோடு-டி, கோப்பிலிருந்து தரவை ஏற்றும் பின்சாய்கோடு-காப்பி ஆகியவை அத்தகையன. இவை பிஎஸ்கியூஎல் என்ற, தட்டச்சால் மட்டுமே இயக்கும் முனையக் கருவியின் சொந்தக் கட்டளைகள். வரைகலை எடிட்டரில் இட்டால் தொடரியல் பிழையே மிஞ்சும். பிஜிஅட்மின், பிஎஸ்கியூஎல்லையே ஒரு தாவலாகத் திறக்கும் வசதியைத் தருகிறது. அங்கே அவை இயங்கும். டிபீவரில், எடிட்டரில் உள்ள அட்டவணைப் பெயரின் மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் அமைப்பு திறக்கும். வினவலாகவே வேண்டுமென்றால் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் உள்ள காலம்ஸ் என்ற காட்சியைக் கேட்கலாம்.

காப்புப்பிரதி எடுக்கும் பொத்தானும் இவ்வகையே. அது பின்னணியில் பிஜி_டம்ப் என்ற தனி நிரலை இயக்குகிறது. அது கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். சர்வரின் முதன்மைப் பதிப்பு பிஜி_டம்ப்பைவிடப் புதியதாக இருந்தால் அது வேலை செய்ய மறுத்துவிடும். நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள கோப்பை எடிட்டரில் திறந்து இயக்க முயல வேண்டாம். அந்த வேலை முனையத்துக்கே உரியது.

எட்டாம் படி: முடியாத வினவலும் மெதுவான வினவலும்

வினவல் நீண்டுகொண்டே போனால் நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள்; கருவி சர்வருக்கு ரத்துக் கோரிக்கையை அனுப்பும். சாளரத்தை மூடிவிடுவது அதற்கு ஈடாகாது. சர்வர் தொடர்ந்து உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். நிற்கவில்லை என்றால் போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியைப் பாருங்கள். எந்தச் செயல்முறை எந்தக் கட்டளையை எப்போதிலிருந்து இயக்குகிறது என்பதும், பூட்டுக்காகக் காத்திருக்கிறதா என்பதும் தெரியும். செயல்முறையின் எண்ணை பிஜி_கேன்சல்_பேக்எண்ட் செயற்கூறுக்குத் தந்தால் அந்த வினவல் மட்டும் ரத்தாகும்; பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் அமர்வையே துண்டிக்கும். முதலாவதை முதலில் முயல்வதே முறை.

மெதுவான வினவலின் முன் எக்ஸ்ப்ளெய்ன் என்று சேர்த்தால், அதை எப்படி நிறைவேற்றப்போகிறது என்ற திட்டத்தை சர்வர் சொல்லும். டிபீவரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+இ, பிஜிஅட்மினில் எஃப்7. அதோடு அனலைஸ் என்ற சொல்லையும் சேர்த்தால், சர்வர் அந்தக் கட்டளையை உண்மையாகவே இயக்கி, உண்மையான நேரங்களைத் தரும். டெலிட் கட்டளையின் முன் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டால் வரிசைகள் அழியும். அளந்தே ஆக வேண்டுமென்றால் பிகினுக்கும் ரோல்பேக்குக்கும் நடுவே வையுங்கள்.

திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது, மதிப்பிட்ட வரிசைகளுக்கும் உண்மையான வரிசைகளுக்கும் உள்ள இடைவெளி. பத்து என்று மதிப்பிட்டு ஒரு லட்சம் வந்திருந்தால், சர்வரின் புள்ளிவிவரம் பழையதாகியிருக்கலாம். அந்த அட்டவணையின் மேல் அனலைஸ் கட்டளையைத் தனியாக இயக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். அடுத்து, பெரிய அட்டவணையில் சில வரிசைகளுக்காக முழு அட்டவணையும் படிக்கப்படுகிறதா என்று பாருங்கள். இண்டெக்ஸ் (வரிசைகளை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் தனிப் பட்டியல்) இருந்தும் அவ்வாறு நடந்தால், நிபந்தனை எழுதிய விதமே காரணமாக இருக்கலாம். எடுத்த_நேரம் என்ற நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இருக்கிறது என்று கொள்வோம்:

வேர் டேட்(எடுத்த_நேரம்) = '2024-03-01'

என்று நெடுவரிசையை ஒரு செயற்கூறுக்குள் போர்த்தினால் அந்த இண்டெக்ஸ் பயன்படாது. அதையே

வேர் எடுத்த_நேரம் >= '2024-03-01' அண்ட் எடுத்த_நேரம் < '2024-03-02'

என்று எழுதினால் பயன்படும். விடை ஒன்றே.

ஒன்பதாம் படி: ஏற்றுமதியும் இணைப்பை மூடுதலும்

விடையைச் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது, திரையில் வந்த 200 வரிசைகளா, வினவலின் முழு விடையா என்பதைத் தேர்வுகளில் உறுதிசெய்யுங்கள். தமிழ் எழுத்து உள்ள கோப்பு எக்ஸெலில் திறக்கும்போது பொருளற்ற குறிகளாகச் சிதறுவது பலரின் புகார். கோப்பு பழுதில்லை, அது யூடிஎஃப்-8 என்பதை எக்ஸெல் ஊகிக்கத் தவறுகிறது. ஏற்றுமதி அமைப்பில் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என வைத்து, பிஓஎம் என்ற தொடக்கக் குறியைச் சேர்க்கும் தேர்வை இட்டால் சரியாகிவிடும். அதே கோப்பை வேறொரு நிரல் படிக்கப்போகிறது என்றால் அந்தக் குறி முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு தொல்லை தரலாம். அப்போது அதை விட்டுவிடுங்கள்.

இயக்கிய கட்டளைகளின் பதிவு டிபீவரில் கோரிக்கை மேலாளர் பகுதியில் இருக்கும். பிஜிஅட்மினில் வினவல் வரலாறு என்ற தாவலில். பொத்தான்கள் நமக்குப் பின்னால் என்ன அனுப்பின என்பதையும் அங்கே பார்க்கலாம். மீண்டும் தேவைப்படும் ஸ்கிரிப்டை வரலாற்றை நம்பி விடாமல், கோப்பாகச் சேமித்து, நிரல்களோடு சேர்த்து கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் வையுங்கள். கடவுச்சொல் அதற்குள் போகக் கூடாது.

இணைப்பைத் துண்டிக்கும்போது முடிக்காத பரிவர்த்தனை இருந்தால், கமிட் செய்வதா, ரோல்பேக் செய்வதா என்று கருவி கேட்கும். அந்தக் கேள்வி எதிர்பாராமல் வந்தால் உடனே விடை சொல்லாதீர்கள். பெட்டியை ரத்து செய்துவிட்டு, மேற்பட்டையில் உள்ள பரிவர்த்தனைப் பதிவைத் திறந்து, என்னென்ன கட்டளைகள் காத்திருக்கின்றன என்று பார்த்தபின் முடிவெடுங்கள். வலையிணைப்பு தானாக அறுந்துபோனால் அந்தத் தேர்வும் நமக்கு இல்லை: இணைப்பு போனதை உணர்ந்ததும் சர்வர் ரோல்பேக் செய்துவிடும். மீண்டும் இணைந்தவுடன், மாற்றிய வரிசைகளை ஒரு செலெக்ட் மூலம் பார்த்து, வேலையை எங்கிருந்து தொடர வேண்டும் என்று முடிவுசெய்துகொள்ளலாம்.